கதைக்குள் ஆண்டவர் வந்தால் கதை படுத்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

மைக்கூடு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிறுகதை எழுதுகிறவன். விசுவாசக் குடும்பம், நானும் பெயருக்கு இல்லாமல் உண்மையாகவே நம்புகிறவன். பிரச்சினை என்னவென்றால் இந்த இரண்டும் ஒரே மேசையில் உட்கார மறுக்கின்றன. போன மாதம் அண்ணன் தம்பி இரண்டு பேரை வைத்து ஒரு கதை எழுதினேன். அப்பா இறந்தபிறகு வீட்டுப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து விஷயமாகச் சண்டை, ஒன்பது வருஷம் பேச்சே இல்லை. திடீரென்று தம்பியிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது, அண்ணன் அதைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றுகிறான். அந்த மூன்று நாள்தான் கதை. பேருந்தில் யாராவது மேலே இடித்தால் அவன் கை தானாகப் பைக்குப் போகும், வியர்வையில் உறை நனைந்து முகவரியின் மை சட்டைத் துணியில் நீலமாக இறங்கியிருக்கும், இதையெல்லாம் எழுதும்போது எனக்கே தெரியாமல் கை ஓடியது. கடைசிப் பக்கத்தில்தான் வினை. அவனை ஆலயத்துக்குள் அனுப்பி, மண்டியிட வைத்து, அழவைத்து, கடிதத்தைப் பிரிக்காமலே தம்பியை மன்னிக்க வைத்துவிட்டேன்.

படித்த நண்பன் சொன்னான்: "பதினோரு பக்கம் நீ எழுதியிருக்கிறாய். பன்னிரண்டாவது பக்கத்தில் பிரசங்கியார் வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்." கோபம் வந்தது. ராத்திரி திரும்பப் படித்தபோது அவன் சொன்னது சரி என்று பட்டது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. முன்பு ஒரு கதையில் ஆண்டவர் பெயரே வரவில்லை, எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் படித்துவிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் இதில் ஆண்டவர் எங்கே?" என்றார். பதில் வரவில்லை எனக்கு. இப்போது எழுத உட்கார்ந்தாலே இந்த இரண்டு பேரும் இரண்டு தோளில் உட்கார்ந்துகொள்கிறார்கள். விசுவாசம் படைப்புக்கு உரமா, கால்கட்டா? எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், பாடுகிறவர்கள், யாராக இருந்தாலும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சாட்சிமொழி:

சகோதரரே, உங்கள் நண்பர் சொன்னதை விடுங்கள், அந்தப் பெரியவர் கேட்டதுதான் கேள்வி. தாலந்து கொடுத்தவர் கணக்குக் கேட்பார், மத்தேயு 25. கலை என்பது பாத்திரம், உள்ளே என்ன ஊற்றுகிறோம் என்பதே விஷயம். பாத்திரத்தையே பார்த்து மயங்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இஸ்ரவேல் ஜனங்கள் வார்த்து வணங்கிய பொற்கன்றுக்குட்டி இருக்கிறது. நல்ல வேலைப்பாடுதான் அதுவும். உங்கள் கதையில் ஒருவன் மன்னித்தான் என்பதால் கதை கெட்டுப்போனது என்றால் அப்படிப்பட்ட கதை கெட்டுப்போகட்டும் என்பேன். கடுமையாக எழுதுவதாக நினைக்க வேண்டாம்.

ஆல்டோ:

கடுமையாகத்தான் இருக்கிறது அண்ணா, பரவாயில்லை :)

நான் எழுதுகிறவள் இல்லை, பாடகர் குழுவில் பாடுகிறவள், அதனால் பாட்டை வைத்தே சொல்கிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் தன் கையெழுத்துப் படிகள் பலவற்றில் தலைப்பில் "இயேசுவே, உதவும்" என்பதற்கும் கடைசியில் "தேவனுக்கே மகிமை" என்பதற்கும் முதலெழுத்துகளைப் போட்டுவைப்பார், இது எல்லோரும் சொல்லும் கதை, நம் ஆட்கள் இதைச் சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நடுவில் இருக்கும் பக்கங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1734 கிறிஸ்துமஸுக்கு அவர் ஒரு பெரிய இசைத்தொகுப்பு செய்தார், அதன் இரண்டாம் பகுதியில் குழந்தை இயேசுவுக்கு ஒரு தாலாட்டு வரும், ஆல்டோ என்கிற தாழ்ந்த குரலுக்கு. அதை நான் மாதக்கணக்கில் பயிற்சி செய்திருக்கிறேன். "தூங்கு" என்ற ஒரே சொல்லின்மேல் குரல் நீளமாக நிற்க வேண்டும், கீழே வாத்தியங்கள் தொட்டில் மாதிரி அசைந்துகொண்டிருக்கும், மூச்சை அவசரமாக விட்டால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பது போல ஒரு பயம் வரும். பாடும்போதெல்லாம் கண் கலங்கும் எனக்கு. ஒருநாள்தான் தெரிந்தது, இந்த மெட்டு இயேசுவுக்காகப் பிறந்ததே இல்லை. அதற்கு முந்தைய வருஷம், 1733இல், ஒரு சிறுவயது இளவரசரின் பிறந்தநாளுக்காக கிரேக்க வீரன் ஹெர்குலிஸ் கதையை வைத்து ஒரு பாட்டு நாடகம் செய்திருந்தார். அதில் சிற்றின்பம் என்ற பாத்திரம் ஹெர்குலிஸை நல்வழியிலிருந்து திருப்ப, தூங்கு தூங்கு என்று மயக்கிப் பாடும். அந்த மெட்டுதான் இது! சோதனைக்காரியின் பாட்டை எடுத்து, சுருதியை இறக்கி, சொல்லைக் கொஞ்சம் மாற்றி, தொட்டிலுக்கு மேலே வைத்துவிட்டார்.

இரண்டு நாள் எனக்குப் பாடவே வரவில்லை, ஏமாற்றிவிட்டார் மனிதர் என்று. அப்புறம் சமாதானம் ஆகிவிட்டேன். மயக்கிப் பாடும்போதும் அவர் தாலாட்டை ஒழுங்காகச் செய்திருந்தார், அதனால்தான் அது குழந்தைக்கும் பொருந்தியது. "இது வெறும் உலகப் பாட்டுதானே" என்று முதல்முறை அரைகுறையாகச் செய்திருந்தால் இரண்டாம் முறைக்கு எடுக்க என்ன இருந்திருக்கும்? மைக்கூடு, உங்கள் பெரியவர் அந்த 1733 பாட்டைக் கேட்டிருந்தாலும் "ஆண்டவர் எங்கே" என்றுதான் கேட்டிருப்பார்.

வெளிவாசல்:

முதலில் சொல்லிவிடுகிறேன், நான் விசுவாசி இல்லை, எந்த மதத்துக்கும். ஆனாலும் ஆல்டோ சொன்ன அந்தத் தாலாட்டைக் கேட்டிருக்கிறேன், அசந்துபோயிருக்கிறேன். கிறிஸ்தவப் படைப்பு என்பதால் எங்களுக்கு ஒவ்வாமை என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. தூண்டிலைப் பார்த்தால்தான் விலகுவோம்.

இத்தாலிய ஓவியர் கரவாஜியோ ஒரு சிற்றாலயத்துக்கு, சுவிசேஷம் எழுதிய மத்தேயுவை வரைந்து கொடுத்தார். கால்மேல் கால் போட்ட வழுக்கைத்தலைக் கிழவர், வெறுங்கால் பார்க்கிறவர் முகத்துக்கே நீட்டிக்கொண்டிருக்கும், எழுதத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி தேவதூதன் அவர் கையைப் பிடித்து எழுத வைக்கிறான். (ஆயம் வசூலித்து கணக்கு எழுதியவருக்கு எழுதத் தெரியாதா என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு, அதை விடுங்கள்.) இது புனிதருக்கு அழகில்லை என்று திருப்பிவிட்டார்கள். 1602இல் வேறு ஒன்று வரைந்தார், கண்ணியமானது, அதுதான் இன்றும் ரோமில் அந்த இடத்தில் இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்டது கைமாறிக் கைமாறி பெர்லின் போய், 1945இல் போரில் அழிந்தது, நமக்கு மிச்சம் கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான். இரண்டாவதும் பிரமாதமான படம், சந்தேகமில்லை. ஆனால் அந்த மங்கலான புகைப்படத்தில் இருக்கும் காலைப் பார்க்கும்போதுதான், இப்படி ஒரு ஆளைக்கூட ஒரு கடவுள் கூப்பிடுவாரா என்ற கேள்வியாவது எனக்குள் வருகிறது.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒரே ஒரு கேள்வி. கடிதத்தில் என்ன எழுதியிருந்தது? அண்ணன் பிரிக்கவில்லை, சரி. நீங்கள் பிரித்தீர்களா?

மைக்கூடு:

வெளிவாசல், உண்மையைச் சொன்னால் இல்லை. யோசிக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பான் என்று ஒரு மாதிரி வைத்துக்கொண்டேன்.

பழைய ஏடு:

அதுதான் பிரச்சினை என்று எனக்கும் படுகிறது. மன்னிப்பு வந்ததால் கதை படுக்கவில்லை. எதை மன்னிக்கிறான் என்று பார்க்காமலே மன்னிக்கவைத்தீர்கள். அது மன்னிப்பாகவும் இல்லை, கதையாகவும் இல்லை.

சாட்சிமொழி கன்றுக்குட்டியைச் சொன்னார், நல்லது, அது யாத்திராகமம் 32. ஒரு பக்கம் முன்னால் திருப்பினால் 31. அங்கே ஆண்டவர் பெசலெயேலைப் பெயர் சொல்லி அழைத்து, தேவ ஆவியினால் நிரப்பினேன் என்கிறார். எதற்கு நிரப்பினார் தெரியுமா, பிரசங்கம் பண்ண இல்லை. பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்ய, கல் இழைக்க, மரம் செதுக்க. ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று வேதாகமம் அத்தனை விவரமாகச் சொல்லும் முதல் ஆள் ஒரு கைவினைக்காரன். அடுத்த அதிகாரத்தில் அதே ஜனங்கள், அதே காதணிப் பொன், கன்று. இரண்டையும் இப்படி ஒட்டிவைத்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பொன்னைக் குற்றம் சொல்ல முடியாது, உளியையும் முடியாது. கன்று எதனால் வந்தது என்று பாருங்கள், மோசே மலையிலிருந்து வரத் தாமதமானது, ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. உங்கள் பன்னிரண்டாம் பக்கமும் அந்த அவசரத்தில் வார்த்ததுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் அண்ணன் தம்பிக் கதை என்றால் லூக்கா 15 ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. சொத்தைப் பிரித்துக்கொண்டு போன இளைய மகன் திரும்பிவந்ததோடு எல்லோரும் கதையை முடித்துக்கொள்வார்கள். அது அங்கே முடியவில்லை. மூத்தவன் வயலிலிருந்து வருகிறான், ஆட்டம் பாட்டச் சத்தம் கேட்கிறது, உள்ளே வரமாட்டேன் என்று நிற்கிறான், அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார். அவ்வளவுதான். உள்ளே போனானா இல்லையா? சொல்லவில்லை. கதை சொல்லும் இயேசுவுக்கு எதிரே, தங்களை நீதிமான்களாக நினைத்த பரிசேயர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள், அந்தக் கதையே அவர்களுக்குத்தான், ஒரே ஒரு வரி சேர்த்தால் பாடம் பளிச்சென்று முடிந்திருக்கும். சேர்க்கவில்லை அவர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நம் மொழியிலேயே இருக்கிறது. யோசேப்பு, மரியாளின் கணவர், சுவிசேஷங்கள் நான்கிலும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. கனவு காண்கிறார், எழுந்து போகிறார், வேலை செய்கிறார். அந்த வாய் திறக்காத மனிதரைக் காவியத் தலைவராக்கி வீரமாமுனிவர் தேம்பாவணியில் 3615 பாட்டு பாடிவைத்தார். வேதம் மௌனமாக இருந்த இடத்தைப் பார்த்து அவருக்குப் பயம் வரவில்லை போல.

சாட்சிமொழி:

பெசலெயேலை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பாதிதான் சொல்கிறீர்கள். எண்ணாகமம் 21இல் மோசே வெண்கலச் சர்ப்பம் செய்தார், ஆண்டவரே செய்யச் சொன்னது, பாம்பு கடித்தவன் அதைப் பார்த்தால் பிழைத்தான். பல தலைமுறை கழித்து ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். நல்ல ராஜா அவர். ஆண்டவர் செய்யச் சொன்ன சிற்பத்தையே உடைக்க வேண்டிவந்தது என்றால் நம் கதையும் பாட்டும் எம்மாத்திரம்? சூரிச்சில் சபைச் சீர்திருத்தம் செய்த சுவிங்லி பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர், அவரே ஆராதனையிலிருந்து இசையை எடுத்தார், 1524இல் ஆலயங்களிலிருந்து படங்களும் சிலைகளும் எடுக்கப்பட்டன. இசை தெரியாதவன் செய்யவில்லை அதை, அதன் பலம் தெரிந்தவன் செய்தான்.

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், நானும் கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன், சபையில்தான். ஒரு ஞாயிறு எல்லோரும் கண்மூடி ஜெபிக்கிறார்கள், மெதுவாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், அப்போது எனக்குள் ஓடியது ஜெபம் இல்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் கண்ணைத் திறந்து என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்காக ஒரு கஷ்டமான ஓட்டத்தைச் சேர்த்து வாசித்தேன். வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றைக்கு வைத்ததுதான், நான்கு வருஷம் ஆகிறது.

ஆல்டோ:

அண்ணா, இதை நீங்கள் முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் அப்படி ஆரம்பித்திருக்கமாட்டேன். மன்னியுங்கள். எனக்கும் அது நடக்கும், தனியாகப் பாடும் இடம் வந்தால் கட்டாயம் நடக்கும். நான் நிறுத்தவில்லை, அது தைரியமா பேராசையா என்று கேட்டால் நேர்மையாகத் தெரியாது. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன், சுலபமான பாட்டில்தான் அந்த நினைப்பு வரும். அந்தத் தாலாட்டில் வந்ததே இல்லை, மூச்சைக் கணக்குப் பார்க்கவே ஆள் போதாது, இதில் யார் பார்க்கிறார்கள் என்று எங்கே தேடுவது.

பழைய ஏடு:

சாட்சிமொழி, எசேக்கியாவைச் சொன்னது நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உடைத்த பிறகும் அந்தச் சர்ப்பம் போகவில்லை பாருங்கள். யோவான் 3இல் ராத்திரி வந்த நிக்கொதேமுவிடம் இயேசு தன் மரணத்தைப் பற்றிச் சொல்ல எடுத்துக்கொண்டது அதைத்தான், மோசே சர்ப்பத்தை உயர்த்தியதுபோல என்று. வெண்கலம் போனது, உருவகம் நின்றது.

உங்கள் கிதாருக்கு வருகிறேன். ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் என்று ஒரு ஆங்கிலக் கவிஞர். 1868இல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேரும்போது, தன் அழைப்புக்கு ஒவ்வாது என்று, எழுதிய கவிதைகளை எரித்தார் (சிலது நண்பர்களிடம் பிரதியாகத் தப்பியது). ஏழு வருஷம் கிட்டத்தட்ட எதுவும் எழுதவில்லை. 1875 டிசம்பரில் ஒரு கப்பல் மணல்திட்டில் மோதி உடைந்தது, இறந்தவர்களில் நாடுகடத்தப்பட்ட ஐந்து கன்னியாஸ்திரிகள். யாராவது இதைப் பற்றிக் கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்று சபையில் அவருக்கு மேலிருந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார், அது போதுமாயிருந்தது அவருக்கு. ஏழு வருஷம் காதுக்குள் அடைந்துகிடந்த புது ஓசை அத்தனையும் ஒரே நீண்ட கவிதையில் கொட்டியது. வேடிக்கை என்னவென்றால் அவருடைய சபைப் பத்திரிகையே அதைப் போட மறுத்தது. 1889இல் இறந்தார், தொகுப்பு 1918இல்தான் வந்தது. எரித்தது சரியா தப்பா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தோன்றவில்லை, எரிக்காமல் இருந்திருக்கலாம் என்றுதான் மனசு சொல்கிறது. ஆனால் திரும்பி வந்தபோது பழைய ஆளாக வரவில்லை. உங்கள் நான்கு வருஷத்தையும் வீண் என்று நான் சொல்லமாட்டேன், முடிந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன்.

வெளிவாசல்:

இந்த இழையில் விசுவாசிகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்க்கலாம் என்று வந்தேன், கிதார்க் கதையில் மாட்டிக்கொண்டேன். சாட்சிமொழி, உங்கள் முதல் பதிவு பிரசங்கம், இரண்டாவது பதிவு கதை. இரண்டாவதில் எனக்கு எதையும் நிரூபிக்க நீங்கள் முயலவில்லை, அதனால் நம்பினேன். குறையாகச் சொல்லவில்லை.

சாட்சிமொழி:

ம். யோசிக்கிறேன்.

மைக்கூடு:

நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பன்னிரண்டாம் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஆலயம் போகவில்லை அவன், மண்டியிடவும் இல்லை. ராத்திரி சமையலறை விளக்கைப் போட்டுவிட்டு, கத்தி தேட மனமில்லாமல் விரலாலேயே உறையைப் பிரிக்கிறான், நனைந்து காய்ந்த காகிதம் என்பதால் கடிதமும் சேர்ந்து கிழிகிறது. அங்கே வந்து நின்றபோது உள்ளே என்ன என்று எனக்கே தெரியவில்லை, பயமாகக்கூட இருந்தது. அந்த ஒரு இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஜெபம் பண்ணினேன், இதுவரை கதைக்காக ஜெபம் பண்ணியதே இல்லை நான், அச்சில் வர வேண்டும் என்று பண்ணியதைத் தவிர.

வெளிவாசல்:

என்ன எழுதியிருந்தது?

மைக்கூடு:

இரண்டு வரி. பணம் கேட்டிருக்கிறான். மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாட்சிமொழி:

அப்படியென்றால் இப்போது அவனை மன்னிப்பது கஷ்டம்தான் சகோதரரே. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.